தேவையில்லை என்றுதான் சொன்னேன்

அத்தானுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று கேட்டீர்கள். நன்றாகவே தெரியும். சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

வெளிநாட்டில் ரசாயனத் தொட்டி கழுவும் வேலை. அதற்கு ஒரு ஆங்கிலத் தேர்வு. இலக்கண விதியைச் சொன்னால் கொட்டாவி விடுவார். வாக்கியமாகச் சொன்னால் கப்பென்று பிடித்துக்கொள்வார். ஆகவே வீட்டில் நடப்பதையே வாக்கியங்களாக்கினேன். ‘அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.’ மஸ்ட் என்ற சொல்லுக்கு இதுதான் உதாரணம்.

அப்பா படுத்த படுக்கை. கனத்த உடம்பு. அக்கா தலைப்பக்கம், நான் கால்பக்கம் பிடித்துத் தூக்குவோம். அத்தான் தேறினால் அக்காவையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வார். அப்புறம் இரண்டு பக்கமும் நான்தான். அதை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

அதனால் மஸ்ட் நாட் வந்த அன்று, ‘கூடாது’ என்று பொருள் சொல்லாமல் ‘தேவையில்லை’ என்றேன். ‘யூ மஸ்ட் நாட் வெயிட் ஃபார் மீ.’ எனக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? இன்னும் சிலவற்றையும் அப்படி மாற்றிவைத்தேன். தேர்வில் தோற்றால் போதும், வேறு கெடுதல் எதுவும் நினைக்கவில்லை.

அவர் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டார். எல்லாம் வாத்தியாரம்மா புண்ணியம் என்று எனக்கு ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கித் தந்தார்.

அவர் போய்ச் சில மாதத்தில் அக்காவுக்கும் விசா வந்தது. பயணத்துக்குத் துணி எடுக்க அவள் குழந்தையோடு கடைக்குப் போயிருந்த மத்தியானம் அத்தான் கூப்பிட்டார். அப்பா படுக்கையை நனைத்திருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன்.

“வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம். வாயு பரிசோதனைக்கு முன்னாடி தொட்டிக்குள்ள இறங்க மஸ்ட் நாட்னு பலகைல போட்டிருக்கு. இறங்கத் தேவையில்லைன்னுதானே அர்த்தம்? நானா இறங்கினா தப்பில்லையே? வேலை சீக்கிரம் முடியும்.”

தொட்டிக்குள் என்ன தங்கியிருக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். ஆனால் திருத்த வேண்டுமென்றால் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கையில் ஈர விரிப்பு. அலமாரி பக்கத்தில் அக்காவின் பெட்டி, பாதி அடுக்கிய நிலையில்.

“ஆமா அத்தான். தேவையில்லைன்னுதான் அர்த்தம். உங்க இஷ்டம்.”

மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்து அவர் இறந்த தகவல் வந்தது. எச்சரிக்கை எழுதியிருந்தும் தெரிந்தே இறங்கிவிட்டார் என்றார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியும்தானே என்று அக்கா என்னைக் கேட்டாள். தெரியும், அவசரப்பட்டிருப்பார் என்றேன்.

அக்கா பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பழைய இடத்திலேயே அடுக்கினாள். இப்போது அதிகம் பேசுவதில்லை. ஆனால் அப்பாவைத் தூக்கக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுகிறாள்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவரை நான் இறங்கச் சொல்லவே இல்லை. தேவையில்லை என்றுதான் சொன்னேன்.