ஆறாவது வகை

“நான் ஆறாவது வகையாம்டி.”

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். சொன்னவள் ஜன்னலோரம் இருந்தாள்.

“இன்னா வகை?”

“எனியாகிராம்னு டிரெய்னிங்ல ஒரு டெஸ்ட்டு. மனுஷங்க ஒம்பது வகையாம். நான் பயந்துகினே இருப்பேனாம், யாரையும் நம்ப மாட்டேனாம், ஆனா நாலு பேர கேக்காம எதையும் செய்ய மாட்டேனாம்.”

“கரெக்ட்டுதான?”

“அந்த டெஸ்ட்ட யாரு திருத்தனாங்களோ! அத விடு. சூப்பர்வைசர் போஸ்ட்டு குடுக்கறாங்க, நாளைக்கு பதில் சொல்லணும். ஒத்துக்கட்டுமா?”

“ஒத்துக்க.”

“ஏன் அவசரப்படுத்தற?”

“அப்ப வேணாம்னு சொல்லிடு.”

“ஏன், என்னால முடியாதா?”

“பேஜார் பண்ணாதடி. ஏன் என்னையே கேக்கற?”

“உன்ன மட்டுந்தான் நம்பறேன்.”

பள்ளிகொண்டாவில் தோழி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, கேட்டுகினுதான வந்தீங்க? அவ பேச்ச நம்பலாங்களா?”