கிழக்குப் பகுதிக் கம்பி

தீ எச்சரிக்கை மணிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில்; மழைக்காலம் வந்தால் வேலை கொஞ்சம் அதிகம். சுவரில் ஈரம் ஏறும். எங்கோ தோல் உரிந்த கம்பி இரும்பைத் தொடும். தீ எச்சரிக்கைப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்து, கீச்கீச்சென்று கத்தத் தொடங்கும். மின்சாரம் பூமிக்குக் கசிகிறது என்று அர்த்தம். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அதில்தான் கோளாறு.

ஒரு டிசம்பரில், டான்யூப் ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் கோளாறை அரை மணியில் பிடித்துவிட்டேன். கிழக்குப் பகுதிக் கம்பி, அங்குள்ள புகை உணரிகளைப் பெட்டியோடு இணைப்பது. ஸ்வெதானா என்ற கிழவி புனித நிக்கோலாய் படம் மாட்ட அடித்த ஆணி, கம்பியைத் துளைத்துச் சுவரின் இரும்புச் சட்டத்தில் இறங்கியிருந்தது. படத்தை எடுத்து, பூச்சை உடைத்து, கம்பியை மாற்ற வேண்டும். மறுநாள் நிக்கோலாய் திருநாள் என்பதால் கிழவி படத்தைத் தொடவே விடவில்லை.

பொறுப்பாளர் ரோசித்சா சலித்துப் போயிருந்தாள். "இந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுத்துட்டுப் போ தம்பி. திருநாள் முடியட்டும், அப்புறம் வந்து செவுத்தையே பேத்துக்கோ," என்றாள்.

அந்தக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடைத் துண்டு ஒன்றை முறுக்கினேன். எல்லாம் இணைந்திருப்பதாகப் பெட்டி நம்பிக்கொண்டது; கிழக்குப் பகுதியில் புகை வந்தாலும் இனி அதற்குத் தெரியாது. சரியாகிவிட்டதா என்று ரோசித்சா கேட்டாள்.

"சரியாப் போச்சுக்கா," என்றேன்.

திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். மார்ச் மாதம், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், கிழக்குப் பகுதியில் தீப்பிடித்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். ஸ்வெதானாவும் அதில் ஒருத்தி.

பெட்டியின் சாவி என்னிடம் இருந்ததால் தீயணைப்புக்காரர்கள் என்னை அழைத்தார்கள். அவர்கள் உடல்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, ரெசிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு கம்பியைப் பழையபடி பொருத்தினேன். கை நடுங்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மணி அடிக்கவே இல்லை என்று ரோசித்சா நீதிமன்றத்தில் அழுதாள். "அந்தத் தம்பியக் கேளுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான்," என்று என்னைக் காட்டினாள். மணி நன்றாகத்தான் இருந்தது, யாரோ பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சாட்சி சொன்னேன். பொறுப்பில் இருந்தவள் என்று அவளுக்கு ஏழு ஆண்டுகள் சிறை கொடுத்தார்கள்.

போன வாரம் சிறையிலேயே இறந்துவிட்டாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். குற்ற உணர்வு என்னை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் என்னை உடன்பிறந்தவனாக நினைத்தவள். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று தெரிந்தால் தாங்கியிருக்க மாட்டாள். அவள் மனம் நோகக் கூடாதே என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.