கண்ணாடி உடைந்ததற்கு ஸ்தோத்திரம்

மஸ்கெலியா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"என் மூக்குக்கண்ணாடி உடைஞ்சதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்றேன் அக்கா."

"என்ன புள்ள பேசுற?"

"வேதம் வாசிக்க முடியலையே. பக்கத்துக் காம்பரா செல்விகிட்டத்தான் வாசிக்கச் சொன்னேன்."

"தண்ணிப் பைப்படிச் சண்டைக்குப் பொறகு பேசாம இருந்தியே, அவகிட்டயா? அவ மாரியம்மன் கோயிலுக்குப் போறவளாச்சே."

"மூஞ்சியப் பாக்காம வேதத்த வாங்கிக்கிட்டா. எங்க வீட்டுக்கு வரல. அவ காம்பராவுலயே உக்காந்து சத்தமா வாசிக்கிறா. லயத்து வரிசை வீட்டுல நடுச்சுவரு கூரை வரைக்கும் இல்லல்ல, நான் அடுப்படியிலிருந்தே கேக்குறேன்."

"சரி..."

"மன்னிக்கச் சொல்ற எடத்த நான் எப்பவும் வேகமாத் தாண்டிருவேன் அக்கா. அவ வாசிக்கிறப்ப தாண்ட முடியல. அந்த எடத்துல அவளும் நிறுத்திட்டா. அப்புறம் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து, 'தேத்தண்ணி குடிச்சியா'ன்னு கேட்டா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புதுக் கண்ணாடி எப்ப வரும்?"

ஜன்னலோரம் இருந்தவர் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடிக்கூடு.

"போன கெழமையே வந்துருச்சு. அவகிட்டச் சொல்லிராதீங்க."