ஆறு மில்லிமீட்டர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. அளந்து எழுதுகிறவனுக்கு அங்கங்கே அடித்தல் விழும். அதில் ஏழு மாதம் நான் எதையும் அளக்கவே இல்லை. அதனால்தான் அத்தனை சுத்தம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் நான் இயற்பியலாளன். நோயாளியைத் தொடுவது என் வேலையில்லை. மெஷின் சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் மெஷின் கதிர் பாய்ச்சும் முன் நோயாளியை ஒரு படம் எடுக்கும். கட்டி எங்கே இருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்த்து, படுக்கையை நகர்த்தி, கட்டியைக் கதிர் வந்து சேரும் புள்ளிக்குக் கொண்டுபோகும். தோலில் நாங்கள் வைத்த மை அடையாளம் ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால், படத்தைத்தான் நம்ப வேண்டும். ஆள் மெலிவார், தோல் தளரும், படம் பொய் சொல்லாது. படத்தின் மையமும் கதிரின் மையமும் ஒரே இடத்தில் இருக்கிறவரை.

அப்படி இருக்கிறதா என்று தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்குள் சோதிக்க வேண்டும். உள்ளே சின்ன உலோகக் குண்டு பதித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதைப் படுக்கையில் வைத்துப் படம் எடுத்து, கதிரும் அதே குண்டின்மேல் விழுகிறதா என்று பார்த்து, வித்தியாசத்தை எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. இருபது நிமிட வேலை. ஒன்பது வருடம் ஒழுங்காகச் செய்தேன். ஒருநாளும் அரை மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை. தினமும் சௌக்கியமா என்று கேட்டு, தினமும் சௌக்கியம் என்றே பதில் வந்தால், கேட்பதை ஒருநாள் விட்டுவிடுவோம் அல்லவா.

மழை கொட்டிய ஒரு காலையில் நான் வந்து சேர்வதற்குள் முதல் நோயாளி உள்ளே படுத்துவிட்டார். 0.3 என்று எழுதினேன். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள். அப்புறம் எல்லா நாளும். ஒரே எண்ணைத் தொடர்ந்து எழுதாமல் பார்த்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒருமுறை 0.7 போட்டு, பக்கத்தில் ‘கவனிக்கவும்’ என்று குறித்தும் வைத்தேன். மேலதிகாரி அந்தக் குறிப்பைக் கூட்டத்தில் பாராட்டினார்.

பிறகு படம் பிடிக்கும் தகடு பழுதானது. கம்பெனி பொறியாளர் ஒரு சனிக்கிழமை வந்து புதியது மாட்டினார். மாட்டியபின் அரைநாள் முழுச் சோதனை உண்டு, அதைச் செய்ய வேண்டியவன் நான். அன்று என் மாமனார் வீடு மாறினார். சாமான் ஏற்ற ஆள் போதவில்லை.

“எல்லாம் சரியா இருக்கில்ல?” என்று கேட்டேன்.

“மாட்டுனது சரிதான் சார். அளந்து சொல்லவேண்டியது நீங்கதானே” என்றார் அவர், கருவிப் பையை மூடிக்கொண்டே.

நியாயமான பதில். சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். பீரோவைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் அன்று எனக்குப் பெரிய கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை மூத்த டெக்னீஷியன் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் உட்பட எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளிகளைப் படுக்க வைத்துப் பதினாறு வருட அனுபவம்.

“சார், நேத்துலேர்ந்து எல்லாரையும் ஒரே பக்கமா நகத்தச் சொல்லுது. ஆறு மில்லிமீட்டர், இடப்பக்கம். ஒருத்தர் ரெண்டு பேர்னா சரி. எல்லாருமா?”

“படுக்க வைக்கிறதுல எங்கயோ அவசரப்படறீங்க அக்கா. கொஞ்சம் நிதானமாப் பாருங்க.”

மறுநாள், புதன்கிழமை, ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். பத்தொன்பது நோயாளிகள், பத்தொன்பது எண்கள், எல்லாம் ஆறை ஒட்டியே. “காலைச் சோதனைல என்ன வந்துச்சு சார்?” என்று கேட்டார். 0.4 என்றேன். சீட்டை மடித்தார். “அப்ப என் கைதான் சரியில்ல போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே, நோயாளிகளைக் கவனக்குறைவாகப் படுக்க வைப்பதாக அவருக்கு ஒரு குறிப்பாணை எழுதினேன். ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் மூன்றாவது முறை வரக்கூடாது, அவ்வளவுதான்.

அப்போது சிகிச்சையில் இருந்தவர்கள் முப்பத்தேழு பேர். அவர்களில் ஒருவர் பஸ் ஓட்டுநர். முதுகுத்தண்டை ஒட்டிக் கட்டி. பக்கத்திலேயே நரம்பு போவதால் மயிரிழை தவறக்கூடாத சிகிச்சை. அதிக அளவுக் கதிர், ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்தே தடவை. தகடு மாட்டிய இரண்டாவது வாரத் திங்களன்று அவருக்குத் தொடங்கியது. தமாஷான மனிதர். “நான் பஸ்ஸ நிறுத்தினா, படி நடைபாதைக்கு ஒரு சாண் தள்ளிக்கூட நிக்காது சார். உங்க மெஷின் அந்த அளவுக்கு நிறுத்துமா?” என்று கேட்டார். அதைவிட நன்றாகவே நிறுத்தும் என்றேன். அக்காவும் சிரித்தார். குறிப்பாணைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை என் தங்கைக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும். அவளுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பார்வை நரம்பை ஒட்டி இருந்தது. “உன் மெஷின்தானே அண்ணா, எனக்கென்ன பயம்” என்பாள்.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை மதியம், ஏசி பழுது என்று சொல்லி அறையைக் காலி செய்தேன். கனமான கதவைச் சாத்திவிட்டு, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன். மேலே தூசி படிந்திருந்தது, சட்டை நுனியால் துடைத்தேன். 6.2 வந்தது. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் அதேதான். இரண்டரை மணி நேரத்தில் சரிசெய்து 0.2க்குக் கொண்டுவந்தேன். பதிவேட்டில் அன்றைக்கும் 0.4 என்றே எழுதினேன்.

வெளியே காத்திருந்தவர்களில் ஓட்டுநரும் இருந்தார். அது அவருக்குக் கடைசித் தடவை. அவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தபோது அக்கா திரையை நம்பாமல் இரண்டு முறை பார்த்தார்.

“சார், இன்னைக்கு நகத்தவே சொல்லல.”

“பாத்தீங்களா அக்கா. இன்னைக்கு ஒழுங்காப் படுக்க வச்சிருக்கீங்க” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய தவறு தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். அந்த முகத்தை மறக்க நான் நிறைய முயற்சி செய்திருக்கிறேன்.

முப்பத்தேழு பேருக்கும் கதிர் எங்கெங்கே விழுந்திருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆறேழு பேருக்குக் கட்டி மறுபடி வரலாம். ஓட்டுநருக்கு, முதல் நான்கு தடவையும் கட்டிக்குப் போகவேண்டியது தண்டுவடத்தின்மேல் போயிருந்தது. டாக்டரிடம் அன்றே சொல்லியிருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருப்பார்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஒன்பது மாதம் கழித்து அவர் சக்கர நாற்காலியில் வந்தார். மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. “ஏன் சார் இப்படி ஆச்சு?” என்று கேட்டார், கோபமே இல்லாமல். சிலருக்கு உடம்பு இப்படித்தான் எடுத்துக்கொள்ளும் என்றேன். நாற்காலியை வாசல்வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் விசாரணை நடந்தது. பதிவேட்டில் மெஷின் சரி. அப்படியென்றால் படுக்க வைத்தவர் தவறு. அக்காவின் கோப்பில் என் குறிப்பாணை தயாராக இருந்தது. வேலை போயிற்று, உரிமமும் போயிற்று. அவர் எதிர்த்துப் பேசவில்லை. தன் கைதான் காரணம் என்று அவரே நம்பியிருந்தார். நம்பவைத்தவன் நான்.

இந்த இரண்டாவது விசாரணைக்கு வந்த நீங்கள்தான் பதிவேட்டை விட்டுவிட்டு மெஷினைத் திறந்து பார்த்தீர்கள். ஒவ்வொரு படமும் தேதியோடு உள்ளே இருக்கும். ஏழு மாதம் பெட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் புதன்கிழமை ஐந்துக்கும் மேல். அதற்குப் பிறகு ஆறு வாரம், தினமும் ஒன்று. அப்புறம் மறுபடி ஒன்றும் இல்லை. அந்த ஆறு வாரமும் என் தங்கை சிகிச்சைக்கு வந்த நாட்கள். அவளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. படங்களை நான் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அதைத்தான் என் மனசாட்சி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், சந்தேகம் முதலில் எப்போது வந்தது என்று. அந்தப் புதன் மதியம் அளந்தபோதுதான் என்றேன். இன்று அப்பாயின்ட்மென்ட் பட்டியலையும் கொண்டுவந்திருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

தங்கைக்கு முதலில் குறித்த நாள் அந்த வியாழன் இல்லை. அதற்குப் பத்து நாள் முந்தைய திங்கள். அக்கா துண்டுச் சீட்டோடு வந்து போன கால்மணி நேரத்தில் அவளுக்குப் போன் செய்தேன். “உன் ப்ளான்ல இன்னும் கொஞ்சம் சரிபண்ணணும். பத்து நாள் தள்ளி வச்சுக்கலாம்” என்றேன். “நீ சொன்னா சரிதான் அண்ணா” என்றாள். பட்டியலில் வேறு யார் பெயரையும் நான் தொடவில்லை.

காலியான இடத்தை வீணாக்கவும் மனம் வரவில்லை. ஓட்டுநருக்கு எல்லாம் தயாராக இருந்தது. வலி தாங்காமல் சீக்கிரம் ஒரு நாள் கொடுங்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். நானே போன் செய்து திங்கட்கிழமை வரச் சொன்னேன். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றார். என்னால் ஒருவருக்காவது உதவி செய்ய முடிந்ததே என்று அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது.