பள்ளிக்கூட வாசலில் காவல் நின்றவர்

சமுத்திரம் ஐயாவின் மனைவி பரிபூரணம் அம்மா போடும் டீயில் எப்போதும் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டுக்கு ஆறு தடவை போயிருக்கிறேன். ஆறு தடவையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். எனக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு.

பெயர் யோகேஸ்வரி, ஊர் ராஜபாளையம், எம்.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மதுரையில் ஓர் ஆவண மையத்துக்காக, மதக் கலவரம் நடந்த ஊர்களில் பணியாற்றிய பழைய ராணுவத்தாரின் நினைவுகளைப் பதிவு செய்கிறேன். செல்போனை மேசையில் வைத்துப் பேசவிடுவேன். பிறகு கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவேன்.

சமுத்திரம் ஐயாவுக்கு முன் பதினாறு பேரிடம் பேசியாயிற்று. எல்லாருக்கும் சப்பாத்தி வேகாதது ஞாபகம் இருக்கிறது. குளிர் ஞாபகம் இருக்கிறது. ரயிலில் தொலைந்த டிரங்குப் பெட்டியின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. செத்தவர்கள் மட்டும் ஞாபகமில்லை. சந்தேகம் வராதா?

என் அம்மா சீனியம்மாள் இருபத்திரண்டு வருடம் ஒரு நூற்பாலைக்குப் போனாள். அங்கே வாசல் காவலுக்கு எப்போதும் ஒரு முன்னாள் ராணுவத்தார்தான். ஷிப்ட் விட்டதும் தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும், முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். நூலைத் திருடிவிடுவாளாம். அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டால் அது கடமை. நான் அவர்களைக் கேட்டால் மட்டும் திமிர்.

முப்பது வருடத்துக்கு முன் வடக்கே ஓர் ஊரில் கலவரம் வந்தபோது, முஸ்லிம் குடும்பங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் காவல் நின்றவர் சமுத்திரம் ஐயா. அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினோரு பேர் எரிந்து செத்தார்கள். கதவைத் திறந்துவிட்டது யார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“நான் நின்ன வரைக்கும் ஒருத்தன் உள்ள போகல தாயி,” என்றார் முதல் நாளே.

“பொறவு எப்படி ஐயா செத்தாவ?”

“அதுக்குள்ள எங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்கள்லா.” சிரித்தார். “ஏ பரிபூரணம், இந்தப் பிள்ள போலீஸ்ல சேந்திருந்தா ஒரு களவாணி தப்பமாட்டான் பாத்துக்க.”

“முப்பது வருசமா எங்கிட்டயும் இதையேதான் சொல்லுதாவ,” என்றார் அந்த அம்மா. “ஒரு வார்த்த கூடாது, கொறையாது.”

ஒரு வார்த்தை மாறாமல் முப்பது வருடம். மனப்பாடம் செய்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

அவர் சொன்னதற்கு ஒத்துவரும் ஒரு காகிதமும் கிடைத்தது. அவருடைய படையை இடம் மாற்றிய தேதி, தீ வைத்ததற்கு இரண்டு நாள் முந்தியது. ஆறாவது தடவை போனபோது அது என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அதை எழுதியதும் ராணுவம்தானே?

அன்றைக்குப் பரிபூரணம் அம்மா டீ போட்டுத் தந்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். “உங்க கூட நின்ன லிங்கேஸ்வரன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு ஐயா,” என்றேன். பொய்தான்.

“லிங்கேஸ்வரனா? அவன் செத்து ஒம்பது வருசமாச்சே.”

“எழுதி வச்சிட்டுத்தான் செத்திருக்காரு. கதவத் தொறந்தது நீங்கன்னு.”

“அவனா? என்னையவா?” நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குப் பயிற்சியில் ஒன்று சொல்லித் தந்திருக்கிறார்கள். பேசுகிறவர் மௌனமானால் குறுக்கே போகாதே, பதிவை நிறுத்தாதே, காத்திரு. முக்கியமானது அதற்குப் பிறகுதான் வரும். நான் காத்திருந்தேன். அவர் கை டி.வி. ஸ்டாண்டுப் பக்கம் நீண்டது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அங்கேதான் இருக்கும். நான் எழுந்து டப்பாவை எடுத்தேன்.

“கதவ யாரு தொறந்தான்னு சொல்லிட்டு வாங்கிக்கிடுங்க ஐயா,” என்றேன்.

பதிவில் அது நாலு நிமிடம் பத்து விநாடி. ஃபேன் சத்தம்தான் அதிகம். நடுவில் மூன்று தடவை “மாத்திர, தாயி” என்று கேட்கிறது. எழுத்தாக்கும்போது அந்த மூன்று இடத்திலும் ‘தெளிவில்லை’ என்று போட்டேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவை நான் அழிக்கவில்லை. மையத்துக்கு முழுதாக அனுப்பினேன். அங்கிருந்துதானே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறது?

நான் பதறிப்போய் நின்றுவிட்டதாக எழுதாதீர்கள். பதறவில்லை. டப்பா என் உள்ளங்கையில் இருந்தது, மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். அவர் தலை சாய்ந்த பிறகு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகுதான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

காகிதம் உண்மை, அவர் சொன்னதும் உண்மை என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம். தப்பே செய்யாத மனுசன், என்னைப் போல ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து எதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்?