மாப்பிள்ளை காருக்குப் புது பிரேக்

காருக்கு வேகம் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம், இன்ஸ்பெக்டர். பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என் தங்கையின் கணவன் சுரேன் அப்படியில்லை. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு செமோரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தவன், முதலில் பிரேக்கைத்தான் மாற்றச் சொன்னான். அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

"மச்சான், இதுல தினேஸ்வரியும் ஏறுவா, பையனும் ஏறுவான். பிரேக் கல்லு மாதிரி இருக்கணும்லா" என்றான்.

தினமும் ரோட்டிலும் ஓட வேண்டும், அவ்வப்போது சிப்பாங் பந்தயத் தடத்திலும் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டுக்கும் ஒரே பிரேக் போடுவது லேசுப்பட்ட வேலையில்லை. டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துவது பேட்; பந்தய பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பினால் முதல் சிக்னலிலேயே கார் நிற்காமல் நழுவும். ரோட்டு பேட் தடத்தில் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். நான் தேடிப்பிடித்து நடுவாந்திரமான ஒன்றைப் போட்டேன். முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், பேட்டை அழுத்திப் பிடிக்க அதற்கேற்ற கேலிப்பர், ரப்பர் குழாய்க்குப் பதில் கம்பிப் பின்னல் போட்ட குழாய். எல்லாம் அசல் சாமான். நசுங்கிக் கிடக்கும் அந்தக் காரை எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒரு போல்ட்டில்கூடக் குறை சொல்ல முடியாது.

இதைச் சொல்ல நானாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் பட்டறை ஆள் பிச்சைமுத்துவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிரேக் ஆயில் ஊற்றுவது வழக்கமாக அவன்தான், அது உண்மை. அவன் ஊற்றியது நல்ல ஆயில். அவனை விட்டுவிடுங்கள். என் பழியை அடுத்தவன் தலையில் கட்டுகிற ஆள் நான் இல்லை.

தினேஸ்வரியை வளர்த்தது நான்தான். நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டை முதலாளி வீடு கட்ட விற்றபோது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்து, அவளைப் படிக்க வைத்தேன். எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் சுரேனைப் பிடித்திருக்கிறது என்றபோது மறுபேச்சுப் பேசாமல் முன்னால் நின்று நடத்தி வைத்தேன். நல்ல பையன்தான். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான்.

பையனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் தோடும் பட்டுச் சட்டையும் பழமும் எடுத்துக்கொண்டு போய், கோயில் மண்டபத்தில் புது வேட்டியோடு மணையில் உட்கார்ந்தேன். பையனுக்கு நான் வாங்கிய சட்டையைப் போட்டுக் கூட்டி வந்தார்கள். சுரேன் என் கையைப் பார்த்தான். எங்கள் தொழிலில் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

"மச்சான், பட்டுச் சட்டைலா. அழுக்காயிடும்" என்று சிரித்தபடியே பிள்ளையைத் தூக்கித் தன் அண்ணன் மடியில் வைத்தான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தினேஸ்வரியும் சிரித்தாள்.

நான் எழுந்து பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. விளையாட்டாகச் சொன்னதுதானே. வீட்டுக்கு வந்து இரும்புப் பிரஷ்ஷால் கையைத் தேய்த்ததில் கொஞ்சம் தோல் உரிந்தது, அவ்வளவுதான். இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அதன்பிறகுதான் சுரேன் அந்தக் காரைக் கொண்டுவந்தான். வேலை முடிந்ததும் நானும் அவனும் பழைய எஸ்டேட் ரோட்டுக்குப் போனோம். புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். வேகமாகப் போய் அழுத்தி மிதிக்க வேண்டும், திரும்பவும் போய் மிதிக்க வேண்டும். கார் ஒவ்வொரு முறையும் அடித்து வைத்தாற்போல நின்றது. சுரேன் சின்னப் பிள்ளை மாதிரி என் தோளில் தட்டினான். அந்த நேரத்தில் அவனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும், கடைசியாக ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்றேன். பிச்சைமுத்துவைச் சாப்பாடு வாங்க அனுப்பினேன். அலமாரிக்கு மேல் மூடி போடாமல் நாள்கணக்காகக் கிடந்த டப்பாவை எடுத்து நானே ஊற்றினேன். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஊருக்குள் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. விடாமல் மிதித்துச் சூடேற்றினால் ஆயில் கொதிக்கும், பிரேக் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. எதையும் அறுக்கவில்லை, எதையும் கழற்றவில்லை. மெதுவாக ஓட்டுகிறவனுக்கு அதனால் ஓர் ஆபத்தும் இல்லை.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். சுரேன் நசுக்கிக்கொண்டு கிளம்பினான்.

என் எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். சிப்பாங்கில் ஒரு வளைவில் மிதி இறங்க வேண்டும், கார் மணலில் போய்ச் சொருக வேண்டும், அவன் கொஞ்சம் பயப்பட வேண்டும். தடத்தில் எல்லாப் பக்கமும் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகாது. பயந்துவிட்டால் காரை விற்றுவிடுவான், தினேஸ்வரிக்கும் நிம்மதி. இவ்வளவுதான் நான் நினைத்தது.

சுரேன் சிப்பாங் போவதற்கு முன்பே தினேஸ்வரி எனக்குப் போன் செய்தாள். பையனைப் பீடோரில் மாமியார் வீட்டில் விட்டாயிற்று, நாளைக்கு இருவருமாகக் கேமரன் மலைக்குப் போகிறோம் என்றாள். அங்கிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் ரோடு உங்களுக்கே தெரியும். நெடுகிலும் இறக்கம், நெடுகிலும் வளைவு. சுரேன் அங்கே எப்படி ஓட்டுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

"பிரேக் ஓகேதானே அண்ணே? நீங்க போட்டதுன்னா எனக்குப் பயமே இல்ல" என்றாள்.

அன்றைக்கு என் வேன் சும்மாதான் நின்றது. அதை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். காரைக் கொண்டுவரச் சொன்னால் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் நல்ல ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சுரேன் விடமாட்டான். மச்சானுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

அதனால், "எல்லாம் ஓகேதாம்மா, போயிட்டு வாங்க" என்றேன்.

இறங்கும்போதுதான் நடந்தது. சுரேன் அங்கேயே போய்விட்டான். தினேஸ்வரிக்கு ஆஸ்பத்திரிவரை உயிர் இருந்ததாம். காருக்குள்ளிருந்து பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள் என்று உங்கள் ஆளே சொன்னார். போனை வைப்பதற்குமுன், பெல்ட் போட்டுக்கம்மா என்று நான்தான் சொல்லியிருந்தேன். வக்கீல் யாரும் வேண்டாம், மற்றதை எல்லாம் நீங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கைமேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.