ஸ்ட்ரெச்சரில் படுத்துப் பார்த்த ஆய்வாளர்

மேடையில் வீற்றிருக்கும் ஆம்புலன்ஸ் உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, லைசென்ஸ் வாங்கிவிட்ட பாக்கியசாலிகளே, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பாவப்பட்டவர்களே, வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற அந்த மகானே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

உரிமப் பிரிவின் ஆய்வாளர், நம் “இன்னும் ஒண்ணு” ஐயா, மறைந்துவிட்டார். பெயர் வைத்தவர்கள் நாம்தான். ஒரு குறையைச் சரிசெய்து நிமிர்ந்தால், “இன்னும் ஒண்ணு இருக்கு” என்பார். சைரன் சத்தம் போதாது என்று என்னைத் திருப்பி அனுப்பினார். மாற்றிக்கொண்டு வந்து அடித்துக் காட்டினேன்; சுடுகாட்டில் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்!

அவரைப் போல வண்டியைச் சோதித்தவர் உண்டா? மற்ற ஆய்வாளர்கள் டயரை உதைப்பார்கள். இவர் ஸ்ட்ரெச்சரில் படுப்பார். “நான்தான் நோயாளி. ஆஸ்பத்திரிக்கு விடு” என்று கண்ணை மூடிக்கொள்வார். முனகுவார், உதறுவார், கேட்டால் பதில் சொல்லமாட்டார். நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு!

போன புதன்கிழமை என் வண்டிக்குச் சோதனை. மறுநாளோடு உரிமம் முடிகிறது. அவர் கையெழுத்து விழாவிட்டால் என் ஒரே வண்டி ஷெட்டோடு சரி. நான் ஓட்டினேன். பின்னால் உதவியாளராக என் மச்சினன். பாதி வழியில் ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “நிஜமாவே வலிக்குதுப்பா” என்றார்.

“மாமா, போன வருஷமும் இதேதான் சொன்னாரு! இந்தத் தடவை வேர்வைகூட வருது!” என்று மச்சினன் கத்தினான்.

சோதனையாயிற்றே! ஒன்று விடாமல் செய்தோம். ஆக்சிஜன் வைத்தான், நாடி பார்த்து எழுதினான், ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் சொன்னான். நான் ஓட்டிய வேகத்தில் காற்றுக்கே மூச்சு வாங்கியது. இறங்கியதும் மச்சினன் குனிந்து, “சார், பாஸா?” என்றான். பதில் சொன்னவர் டாக்டர்: “தள்ளுய்யா! ஹார்ட் அட்டாக்!”

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். உயிரைக் காப்பாற்றிய மிதப்பில், தலை கூரையில் இடிக்க நுழைந்தேன்.

“ஆக்சிஜன் சரியா இருந்துச்சு. உன் மச்சினனும் நல்லா பாத்துக்கிட்டான்.”

“ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்போ கையெழுத்து...”

“இன்னும் ஒண்ணு இருக்கு. வளைவுல ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் நகர்ந்துச்சு. பூட்டு பிடிக்கல. மாத்திட்டு வா. இருபது வருஷமா படுத்திருக்கேன். பயந்தது நேத்துதான்.”

வெள்ளிக்கிழமை போய்விட்டார். அவர் மனைவி என்னிடம், “அண்ணே, உங்க வண்டியிலயே வீட்டுக்குக் கொண்டுபோயிடலாமா?” என்று கேட்டார்.

“லைசென்ஸ் நேத்தோட முடிஞ்சுதும்மா. ஏத்துனா எழுந்து உக்காந்து குறை எழுதிடுவாரு.”

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். என் பரம எதிரியின் வண்டியை நானே போன் போட்டு வரவழைத்தேன். அதன் ஸ்ட்ரெச்சர் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற்றவிட்டேன்.

பெருமக்களே! படுத்துப் பார்க்கும் சோதனையை நிறுத்தச் சொல்லி நம் சங்கம் மனு கொடுத்திருக்கிறதே, முதல் கையெழுத்து யாருடையது? அடியேனுடையது! அதை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். புதிதாக வந்த ஆய்வாளர், வண்டியைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். வேண்டாம். பூட்டு மாறும்வரை என் வண்டி நகராது. மாறியதும் முதல் ஆளாக நானே படுக்கிறேன். ஓட்டப்போகிறவன் என் மச்சினன். ஆகவே தலைவர் அவர்களே, அடுத்த மாதத்துக்கும் இந்த மண்டபத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்!